எரிமீன் எண்ணுவதில் வானியலாளருக்கு என்ன வேலை?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: பெரிய தொலைநோக்கிகளில் வேலை செய்கிற வானியலாளர்கள், எரிமீன் பொழிவு வந்தால் மட்டும் வானியல் ஆர்வலர்களோடு போய் வெட்டவெளியில் மல்லாந்து படுத்துக்கொள்கிறார்களே, அது மக்களுக்கு வானத்தை அறிமுகப்படுத்தும் சேவையா, இல்லை அதில் நிஜமாகவே அறிவியல் ஏதாவது நடக்கிறதா? கண்ணால் எண்ணிய கணக்கை யாராவது ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதன் அடியில் வேறொரு கேள்வி தெரிகிறது. இத்தனை கருவிகள் வந்துவிட்ட காலத்தில், பட்டமோ பயிற்சியோ இல்லாத ஒருவரின் வெறுங்கண்ணுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறதா என்பதுதான் அது. இருக்கிறது என்பது என் பதில். எந்த அளவுக்கு இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்று சொல்லப் பார்க்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. விண்மீன்களின் நிறமாலையை ஆராய்வது என் தொழில். இருபது வருடத்துக்கு மேலாகிறது. எரிமீன் ஆய்வு என் சொந்தத் துறை அல்ல. தூசித் தாரைகளின், அதாவது வால்மீன்கள் தங்கள் பாதையில் விட்டுப்போகும் தூசி ஓடைகளின், கணிப்புகளை நான் போட்டதில்லை, போட்டவர்களின் கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். அந்த எல்லையோடு இதைப் படியுங்கள். ஆனால் ஆகஸ்டில் பெர்சியிட் பொழிவு, டிசம்பரில் ஜெமினிட் பொழிவு என்றால், மேகம் விலகி வழிவிடுகிற வருடமெல்லாம் ஆர்வலர் குழுவோடு இரவு முழுக்க உட்கார்ந்துவிடுவேன். தொழிலில் வானம் எனக்கு ஒரு கோப்பாகத்தான் வந்து சேர்கிறது. தொலைநோக்கி எங்கேயோ இருக்கும், நான் ஒரு அறையில் திரைக்கு முன்னால் இருப்பேன், விடிந்ததும் தரவு வரும். அந்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். இருந்தாலும், வானத்தை வானமாகப் பார்த்த இரவுகளை எனக்குக் கொடுத்தது இந்தக் குழுதான்.

சரி, உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். எரிமீனுக்குப் பெரிய தொலைநோக்கி உதவாது. அது ஒரு சமயத்தில் பார்க்கிற வானப் பரப்பு பெரும்பாலும் முழுநிலவின் அகலத்தைக்கூடத் தாண்டாது. எரிமீனோ எந்தப் பக்கம் வரும் என்று தெரியாது, வந்தாலும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். மணலிலிருந்து பட்டாணி அளவு வரைக்கும் உள்ள ஒரு துணுக்கு, பெர்சியிட் என்றால் நொடிக்கு 59 கிலோமீட்டர், ஜெமினிட் என்றால் 35, நவம்பரில் வரும் லியோனிட் என்றால் 71 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் நுழைகிறது. உராய்வால் எரிகிறது என்று சொல்வது வழக்கம். இன்னும் சரியாகச் சொன்னால், காற்று மூலக்கூறுகள் அந்த வேகத்தில் வந்து மோதுவதால் துணுக்கின் மேற்பரப்பு ஆவியாகிறது; அந்த ஆவியும் சுற்றியுள்ள காற்றும்தான் ஒளிர்கின்றன. எல்லாம் தரையிலிருந்து சுமார் 120 முதல் 80 கிலோமீட்டர் உயரத்துக்குள் முடிந்துவிடும். செய்திகளில் 'விண்கல் மழை' என்று வருவதால் கல் விழுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பொழிவில் வருவது பெரும்பாலும் வால்மீன் உதிர்த்த தூசி, அது தரைக்குக் கல்லாக வந்து சேராது. அதனால்தான் எரிமீன் பொழிவு என்ற சொல்லையே நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆக, இதற்கு வேண்டியது வானத்தின் பெரும்பகுதியை ஒரே பார்வையில் அள்ளுகிற கருவி, அது இரவு முழுக்கச் சலிக்காமல் விழித்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட கருவி உங்களிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. இந்த ஒரு துறையில் தொழில்முறை ஆளுக்கும் ஆர்வலருக்கும் கையில் இருப்பது ஒன்றேதான்.

வரலாறும் அப்படித்தான் நடந்திருக்கிறது. எரிமீன்கள் எவ்வளவு உயரத்தில் எரிகின்றன என்பதை முதலில் ஒழுங்காக அளந்தவர்கள் இரண்டு மாணவர்கள். 1798-ல் ஜெர்மனியின் கொட்டிங்கன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பிராண்டஸ், பென்சன்பெர்க் இருவரும் சில கிலோமீட்டர் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, ஒரே நேரத்தில் ஒரே வானத்தைப் பார்த்தார்கள். ஒரே எரிமீன் இருவருக்கும் விண்மீன்களுக்கிடையே கொஞ்சம் இடம் மாறித் தெரியும் அல்லவா, அந்த வித்தியாசத்தை வைத்து உயரத்தைக் கணக்கிட்டார்கள். இருவரும் சேர்ந்து பார்த்ததாக உறுதி செய்ய முடிந்தது 22 எரிமீன்கள்தான். அது போதுமானதாக இருந்தது. எரிமீன் மேகத்துக்குப் பக்கத்தில் நடக்கிற வானிலை விஷயம் என்ற நினைப்பு அதோடு ஆட்டம் கண்டது.

1833 நவம்பரில் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் விடியலுக்கு முன் லியோனிட்கள் கொட்டின. ஜனங்கள் பயந்து தெருவுக்கு ஓடி வந்த இரவு அது. யேல் கல்லூரியின் டெனிசன் ஓம்ஸ்டெட் என்ன செய்தார் என்றால், பார்த்தவர்கள் எல்லாரும் எனக்கு எழுதுங்கள் என்று செய்தித்தாளில் கேட்டார். மற்ற செய்தித்தாள்களும் அதை எடுத்துப் போட, பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்தன. எல்லாக் கோடுகளும் சிம்ம விண்மீன் குழுவின் ஒரே புள்ளியிலிருந்து பிரிந்து வந்தன, இரவு நகர நகர அந்தப் புள்ளியும் விண்மீன்களோடு சேர்ந்தே நகர்ந்தது என்று அவற்றிலிருந்து தெரிந்தது. பூமியோடு சுற்றாமல் விண்மீன்களோடு போகிறது என்றால், அது பூமிக்கு வெளியிலிருந்து வருகிறது என்று அர்த்தம். அந்தப் புள்ளியைத்தான் ரேடியன்ட் என்கிறோம். நேரான தண்டவாளத்தின் இரண்டு இரும்புகளும் தூரத்தில் ஒரே இடத்தில் சேர்வதுபோலத் தெரிகிறதே, அதே தோற்றம்தான். இணையாக வரும் துகள்கள் ஒரு புள்ளியிலிருந்து விரிவதுபோலத் தெரிகின்றன. பிறகு 1866-ல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாப்பரெல்லி, பெர்சியிட் துகள்களின் பாதையும் 1862-ல் வந்துபோன ஸ்விஃப்ட்–டட்டில் வால்மீனின் பாதையும் ஒன்றே என்று காட்டினார்.

இங்கே இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனின் பிரிஸ்டலில் இருந்த வில்லியம் டென்னிங் தொழிலால் கணக்காளர். பத்தாண்டு பத்தாண்டாக எரிமீன்களைப் பார்த்து, பாதைகளைப் படத்தில் குறித்து, பெரிய ரேடியன்ட் பட்டியலே போட்டவர். பெர்சியிட் ரேடியன்ட் நாளுக்கு நாள் கொஞ்சம் நகர்கிறது என்பதைத் தன் பதிவுகளால் நிலைநாட்டினார், அந்த முடிவு நிலைத்தது. சில ரேடியன்ட்கள் மாதக்கணக்கில் நகராமல் ஒரே இடத்தில் நிற்கின்றன என்றும் அவர் உறுதியாக நம்பினார், அந்த முடிவு நிலைக்கவில்லை. ஒரே இடத்திலிருந்து கண்ணால் பார்த்துப் பாதையை வரையும்போது பிழை சேரும், வெவ்வேறு எரிமீன்களின் கோடுகள் தற்செயலாக ஒரு புள்ளியில் சந்திப்பதுபோலத் தெரியும். கண் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதற்கு டென்னிங்கின் வாழ்நாள் உழைப்பைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. எண்ணுவதில் கண் கெட்டிக்காரன். பாதையைத் துல்லியமாகப் பிடிப்பதில் இல்லை.

எண்ணிக்கை என்றதும் ஒரு ஏமாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டும். 'மணிக்கு 100 எரிமீன்' என்று செய்தியில் படித்துவிட்டுப் போகிறவர் பத்தைப் பார்த்துவிட்டு மனம் கசந்து திரும்புகிறார். அந்த 100 என்பது ஒரு தரப்படுத்திய எண். ரேடியன்ட் நேர் உச்சியில் இருந்து, 6.5 பொலிவுத்தரம் வரை (இந்த எண் கூடக் கூட விண்மீன் மங்கல்) மங்கலான விண்மீன்கள் தெரிகிற கரிய வானமும் இருந்தால் ஒருவர் காணக்கூடியது அது. பெர்சியிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேடியன்ட் 30 பாகை உயரத்தில்தான் இருக்கிறது என்றால் 100 உடனே 50 ஆகிவிடும். உங்கள் வானத்தில் 4.5 வரைக்கும்தான் விண்மீன் தெரிகிறது என்றால், பொலிவு ஒரு படி குறைகிற ஒவ்வொரு முறையும் பெர்சியிட்கள் சுமார் 2.2 மடங்கு கூடும் என்ற கணக்கில், இரண்டு படிக்குக் கிட்டத்தட்ட ஐந்தால் வகுக்க வேண்டும். மிச்சம் பத்து. நீங்கள் பத்து பார்த்தால் பொழிவு ஏமாற்றிவிடவில்லை, கணக்கு அப்படியே சரியாக வந்திருக்கிறது.

இந்தத் தரப்படுத்தல்தான் ஆர்வலரின் எண்ணிக்கையை அறிவியல் ஆக்குகிறது. உங்கள் வானம் எவ்வளவு கருப்பு, எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், மேகம் எவ்வளவு என்று சேர்த்துச் சொன்னால், உலகத்தின் வேறு மூலையில் வேறு வானத்தின் கீழ் எண்ணியவரின் கணக்கோடு உங்கள் கணக்கை ஒப்பிட முடியும். 1988-ல் தொடங்கிய சர்வதேச எரிமீன் அமைப்பு இப்படித்தான் உலகம் முழுவதிலுமிருந்து பதிவுகளைச் சேர்க்கிறது. ஒரு நாட்டில் விடிந்தால் அடுத்த நாட்டில் இரவு. கை மாறிக் கை மாறி பூமி தூசித் தாரைக்குள் நுழைந்து வெளியேறுகிற வரைக்கும் கணக்கு தொடர்கிறது. அந்த எண்ணிக்கை நேரத்தோடு எப்படிக் கூடிக் குறைகிறது என்று வரைந்தால், அந்த வரைபடம்தான் தாரையின் குறுக்குவெட்டு. 1999 லியோனிட்டுக்கு வானியலாளர்கள் டேவிட் ஆஷரும் ராபர்ட் மெக்நாட்டும், லியோனிட் தூசியை உதிர்க்கும் டெம்பல்–டட்டில் வால்மீன் முந்தைய சுற்றுகளில் விட்டுப்போன தாரைகளைக் கணக்கிட்டு உச்ச நேரத்தை முன்கூட்டியே சொன்னார்கள். நவம்பர் 18 அன்று அது சில நிமிட வித்தியாசத்தில் பலித்தது என்று நமக்குத் தெரிவது, பெருமளவுக்கு, தரையில் படுத்திருந்து எண்ணியவர்களால்தான். அதே இரவில், தொலைநோக்கியில் நிலவின் இருட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பிரையன் கட்னிக் ஒரு ஒளிப்பொட்டைக் கண்டார். டேவிட் டன்ஹாம் எடுத்த காணொளியிலும் அது பதிவாகியிருந்தது. லியோனிட் துகள் நிலவில் மோதியதை நேரில் பார்த்து, பதிவோடு உறுதி செய்த முதல் சம்பவம் அது. 2021-ல் பெர்சியிட் உச்சம் முடிந்து ஒரு நாளுக்கு மேல் ஆன பிறகு, ஆகஸ்ட் 14 அன்று, யாரும் எதிர்பார்க்காத இன்னொரு எழுச்சி வந்தது. உச்சம்தான் முடிந்துவிட்டதே என்று தூங்கப் போகாதவர்கள் அதை நேரில் பார்த்தார்கள்.

எங்கள் குழுவில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் எண்ணுகிற விதத்தைப் பக்கத்தில் படுத்துப் பார்த்திருக்கிறேன். மார்பின் மேல் ஒரு சிறு பலகை, அதில் பில் போடுகிற காகிதச் சுருள், மணிக்கட்டில் நூல் கட்டிய பென்சில். கண்ணை வானத்திலிருந்து எடுக்கவே மாட்டார். எரிமீன் போனதும் கை மட்டும் அசையும்: பொலிவுக்கு ஒரு எண், பெர்சியிட் என்றால் 'பெ', வேறு என்றால் ஒரு கோடு, தடம் விட்டிருந்தால் ஒரு புள்ளி. எழுதியதும் கட்டைவிரலால் சுருளை ஒரு இழுப்பு இழுத்துவிடுவார், அடுத்ததற்கு வெற்றுத்தாள் தயார். தண்ணீர் குடிக்க எழுந்தால் அந்த நான்கு நிமிடத்தையும் கழித்துக் குறிப்பார். ஒருமுறை ஒரு எரிமீனின் பொலிவை நான் "மைனஸ் ஒன்று" என்று உற்சாகமாகச் சொன்னேன். "எந்த விண்மீன் பக்கத்துல வெச்சுப் பாத்தீங்க?" என்று கேட்டார். எதன் பக்கத்திலும் வைத்துப் பார்க்கவில்லை, தோன்றியதைச் சொல்லியிருந்தேன். பொலிவைப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கிற கருவிகளோடு பழகிய எனக்கு, கண்ணால் அளப்பதும் அளவீடுதான், அதற்கும் ஒப்பீட்டு விண்மீன் வேண்டும் என்று அந்த இரவில் அவர் கற்றுக்கொடுத்தார். விடிந்ததும் சுருளில் ஒரு பதிவை அடித்துவிட்டார். ஏன் என்றேன். "கழுத்தத் திருப்பிக்கிட்டு இருந்தப்ப ஓரக்கண்ல வந்தது. பாத்தேன்னு சொல்ல முடியாது" என்றார்.

இனி, உறுதி இல்லாத பக்கம். கேமரா வலையமைப்புகள் வந்த பிறகு கண்ணுக்கு இடம் உண்டா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. பாதை, வேகம், சுற்றுப்பாதை இவற்றில் கேமரா ஜெயித்துவிட்டது, இதில் விவாதமே கிடையாது. பல இடங்களிலிருந்து ஒரே எரிமீனைப் பிடித்து, அது சூரியனை எப்படிச் சுற்றி வந்தது என்பதையே கணக்கிட்டுவிடுகிறார்கள். பகலிலும் மேகத்திலும் ரேடியோ முறை எண்ணுகிறது. கண்ணின் பலம் என்று நான் கருதுவது தொடர்ச்சி. கேமராக்களின் உணர்திறன் சில வருடத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. கண் மாறவில்லை. இன்று நீங்கள் எண்ணுவதை 19-ஆம் நூற்றாண்டுப் பதிவுகளோடு, திருத்தங்கள் செய்தபின், நேராக வைத்துப் பார்க்கலாம். இது என் அபிப்பிராயம். கேமராத் தரவுகளும் நீண்ட காலம் சேர்ந்தபின் கண் தேவைப்படாமல் போகும் என்று சொல்கிற நண்பர்களை நான் மதிக்கிறேன்.

ஜெமினிட்டின் பிறப்பும் இன்னும் தீராத விஷயம். அதன் பாதையில் சுற்றுவது 1983-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தன், வால்மீன்போல நடந்துகொள்ளாத ஒரு சிறுகோள். சூரியனுக்கு மிக நெருங்கும்போது அதற்கு ஒரு சிறு வால் வருகிறது. அது தூசி அல்ல, சோடியம் வாயு என்று 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படியானால் இவ்வளவு தூசி எப்போது, எப்படி வெளியே வந்தது? அதேபோல, பெரிய தீப்பந்து, அதாவது மிகப் பிரகாசமான எரிமீன், போகும்போது 'உஸ்' என்ற சத்தம் கூடவே கேட்டதாகச் சொல்பவர்கள் உண்டு. நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பதன் ஒலி வந்து சேர ஐந்து நிமிடம் ஆக வேண்டும், உடனே கேட்க முடியாது. பளீரென்று துடிக்கும் ஒளி, தலைமுடி, காய்ந்த இலை போன்றவற்றைச் சூடாக்கி அங்கேயே சத்தம் உண்டாக்கலாம் என்று 2017-ல் ஒரு விளக்கம் வந்தது. நான் கேட்டதில்லை. கேட்டேன் என்பவரிடம் நேரத்தையும் பக்கத்தில் என்ன இருந்தது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

எனக்கு ஏன் இவ்வளவு பிரியம் என்பதற்கு ஒரு இரவைத்தான் சொல்ல முடியும். அதிகாலை மூன்றரை இருக்கும். ஒரு பெர்சியிட் பச்சையாகத் தொடங்கி, தரையில் எங்கள் நிழல் விழுகிற அளவுக்கு வெடித்து அணைந்தது. அது போன இடத்தில் சாம்பல் நிறக் கோடு ஒன்று நின்றுவிட்டது. பைனாகுலரை ஆளுக்கு ஆள் மாற்றிப் பார்த்தோம். நேராக இருந்த கோடு ஒரு நிமிடத்தில் வளைந்தது, மூன்று நிமிடத்தில் கயிற்றுச் சுருக்குபோல மடங்கியது. சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் காற்று ஒவ்வொரு அடுக்கிலும் வேறு வேறு திசையில் வீசுவது எங்கள் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. பச்சை ஏன் என்று பக்கத்தில் இருந்த மாணவி கேட்டார். அங்கேதான் என் தொழில் உதவியது: உயரத்தில் ஆக்சிஜன் 557.7 நானோமீட்டரில் விடுகிற பச்சை, கூடவே துகளிலிருந்த மக்னீசியத்தின் பச்சை. அணைந்த பின்னும் தடம் ஒளிர்வது, துகள் விட்டுப்போன சோடியமும் இரும்பும் ஓசோனோடு வினைபுரிவதால். ஆய்வகத்தில் ஆயிரம் முறை பார்த்த கோடுகள் அவை. தலைக்கு மேலே அவை காற்றில் நெளிவதை அன்றுதான் பார்த்தேன். பெரியவர் மட்டும் பைனாகுலரை வாங்கவில்லை. தடம் மறைந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்ததை எண்ணப் போய்விட்டார்.

நீங்கள் போய்ப் பார்க்க நினைத்தால் டிசம்பர் 13 இரவு ஜெமினிட்டில் தொடங்குங்கள். நிலவு இல்லாத வருடமாக இருந்தால் நல்லது. மற்றப் பெரும்பாலான பொழிவுகளில் நள்ளிரவுக்கு அப்புறம்தான் வேகம் பிடிக்கும், அப்போதுதான் நாம் பூமி ஓடுகிற திசையின் முன்பக்கத்தில் இருப்போம். ஜெமினிட்டின் ரேடியன்ட் இருக்கிற மிதுன விண்மீன் குழு சீக்கிரமே எழுந்துவிடுவதால் ஜெமினிட்டை இரவு பத்துக்கே பார்க்கத் தொடங்கலாம். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், அதற்குள் ஒருமுறை கைபேசியைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்துதான். வெளிச்சம் வேண்டுமென்றால் மங்கலான சிவப்பு. ரேடியன்டையே உற்றுப் பார்க்காதீர்கள்; அங்கே கோடுகள் குட்டையாக இருக்கும், 40, 50 பாகை தள்ளிப் பாருங்கள். குழுவோடு எண்ணினால், பக்கத்தில் இருப்பவர் கத்துவதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்ததை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், தெரிந்த மிக மங்கலான விண்மீன், நடுவில் எடுத்த இடைவெளி, இத்தனையும் எழுதுங்கள். உங்கள் தாளில் முதல் பத்து நிமிடத்துக்குச் சுழியம் என்று விழுந்தால், அதையும் அடிக்காமல் அப்படியே அனுப்பிவையுங்கள். எண்ணுகிற எங்களுக்கு அதுவும் வேண்டும்.